அனுமதி மனுவும் ஒப்புகையும்: கூட்டம் நடத்துவோர் கவனத்துக்கு

ஆர்ப்பாட்டத்துக்கு முந்தைய நாள் மாலையில் என் அலுவலகத்துக்கு ஓடி வருபவர்களின் கையில் பெரும்பாலும் ஒரே மாதிரியான தாள்தான் இருக்கும். "பொது அமைதிக்குக் குந்தகம் விளையும் என்பதால் தங்கள் மனு நிராகரிக்கப்படுகிறது" என்ற ஒற்றை வரியும், அதன் கீழ் ஒரு கையொப்பமும் முத்திரையும். மூன்று வாரங்களுக்கு முன்பே மனுவை நேரில் கொடுத்துவிட்டதாகச் சொல்வார்கள். ஒப்புகை வாங்கினீர்களா என்று கேட்டால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்வார்கள். அப்படி வந்த ஓர் அமைப்பினரின் ஆணையில் எட்டு நாட்களுக்கு முந்தைய தேதி இருந்தது. அவர்கள் கைக்கு அது வந்ததோ அன்று பிற்பகல்தான். இதை நீதிபதியிடம் நிரூபிக்க அவர்களிடம் ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

அனுமதி என்ற சொல்லே பலரைக் குழப்புகிறது. பொது இடத்தில் கூடுவதற்கான அனுமதி, பேசப்படும் கருத்துக்கான அனுமதி அல்ல. ஒரே சாலையில் ஒரே நேரத்தில் இரண்டு ஊர்வலங்கள் மோதிக்கொள்ளாமலும், ஆம்புலன்சுக்கு வழி அடைபடாமலும் இருக்க, இடம், நேரம், முறை ஆகிய மூன்றை மட்டும் ஒழுங்குசெய்யும் ஏற்பாடே அது. அந்த எல்லைக்குள் நிற்கும் அனுமதி விதி செல்லும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1941ஆம் ஆண்டிலேயே காக்ஸ் வழக்கில் கூறிவிட்டது.

எல்லா இடங்களிலும் அனுமதி தேவைப்படுவதும் இல்லை. சில நாடுகளில் முன்னறிவிப்பே போதும். இங்கிலாந்தின் 1986ஆம் ஆண்டுப் பொது ஒழுங்குச் சட்டப்படி, ஊர்வலம் நடத்துபவர் தேதி, தொடங்கும் நேரம், பாதை, அமைப்பாளரின் பெயர், முகவரி ஆகியவற்றை ஆறு முழு நாட்களுக்கு முன் காவல்துறைக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும்; ஓரிடத்தில் நின்று நடத்தும் கூட்டத்துக்கு அந்த முன்னறிவிப்புக் கடமை இல்லை. திடீரென எழும் நிகழ்வுக்கு உடனடியாகக் கூடுபவர்களுக்கு இந்தக் கால அளவுகள் பொருந்தாமல் போவதுண்டு. ஹங்கேரியில் மூன்று நாள் முன்னறிவிப்பு இல்லை என்பதை மட்டுமே காரணமாகக் காட்டி அமைதியான கூட்டத்தைக் கலைத்தது உரிமை மீறல் என்று ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 2007இல் தீர்ப்பளித்தது. ஆனால் நிதானமாகத் திட்டமிட்டு, சுவரொட்டியும் அடித்து ஒட்டிவிட்டு, மனுவை மட்டும் கடைசி நாளுக்கு ஒத்திவைப்பவர்களுக்கு அந்தத் தீர்ப்பு கைகொடுக்காது.

விதியைப் படிக்கும்போது நான் முதலில் தேடுவது, எந்தக் காரணங்களுக்காக மறுக்கலாம் என்று சொல்லும் பிரிவைத்தான். அமெரிக்காவின் பர்மிங்காம் நகரில் 1963ஆம் ஆண்டு புனித வெள்ளியன்று, கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிய போதகர் ஃபிரெட் ஷட்டில்ஸ்வொர்த் உள்ளிட்ட 52 பேர் நடைபாதையில் இருவர் இருவராக நடந்து சென்றதற்கு, அனுமதி பெறாத ஊர்வலம் என்று வழக்குப் பதிவானது. பொது நலன், ஒழுக்கம், வசதி என்று எதைச் சொல்லியும் மறுக்கும் அதிகாரத்தை அந்நகரின் விதி அதிகாரிகளுக்கு வழங்கியிருந்தது. தெளிவான, குறுகிய அளவுகோல் இல்லாத அத்தகைய அதிகாரம் அரசமைப்புக்கு முரணானது என்று 1969இல் உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்தது. இந்திய உச்ச நீதிமன்றமும் 1972இல் ஹிமத்லால் ஷா வழக்கில், எந்த வழிகாட்டுதலும் இல்லாமல் முழு அதிகாரத்தையும் காவல் அதிகாரியின் கையில் கொடுத்த விதியை இதே போக்கில்தான் செல்லாததாக்கியது. இதற்கு மாறாக, 50 பேருக்கு மேல் கூடும் நிகழ்வுக்கு அனுமதி கேட்ட சிகாகோ பூங்காத் துறையின் விதி, மறுப்பதற்கான காரணங்களைப் பட்டியலிட்டு, முடிவெடுக்க 14 நாள் கெடுவும் வைத்து, மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரவும் கட்டாயப்படுத்தியிருந்ததால் 2002இல் நிலைத்து நின்றது.

பர்மிங்காம் கதைக்கு இன்னொரு பாதி உண்டு. என்னிடம் வருபவர்களிடம் நான் விடாமல் சொல்வது இந்தப் பாதியைத்தான். அதே ஊர்வலத்துக்கு மாநில நீதிமன்றம் ஒன்று முன்கூட்டியே தடை ஆணை பிறப்பித்திருந்தது. அதை மீறி நடந்ததற்காக மார்ட்டின் லூதர் கிங் உள்ளிட்டோருக்கு ஐந்து நாள் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அதே அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1967இல், ஐந்துக்கு நான்கு என்ற பெரும்பான்மையில், அந்தத் தண்டனையை உறுதிசெய்தது. தடை ஆணை தவறு என்றால் முதலில் நீதிமன்றத்துக்குப் போய் அதை நீக்கக் கேட்டிருக்க வேண்டும் என்பது அதன் வாதம். இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் எனக்கு இன்றும் உறுத்தத்தான் செய்கிறது. எனினும், நகராட்சி விதியை மீறுவதும் நீதிமன்ற ஆணையை மீறுவதும் ஒன்றல்ல என்பதைக் கூட்டம் நடத்துபவர் அறிந்திருக்க வேண்டும்.

கட்டணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. எதிர்ப்பாளர்கள் திரளக்கூடும், அதனால் கூடுதல் காவலர் தேவை, அந்தச் செலவை நீங்களே கட்டுங்கள் என்று கேட்டால் அப்படியே ஏற்க வேண்டியதில்லை. கேட்பவரின் கோபத்தை அளந்து பேசுபவரிடம் காசு வாங்குவது கருத்துக்கு விலை வைப்பதாகும் என்ற அடிப்படையில், ஃபோர்சித் கவுண்டி என்ற மாவட்டத்தின் கட்டண விதியை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1992இல் செல்லாததாக்கியது.

இனி மனு. "நோக்கம்" என்ற கட்டத்தில் ஆறு வரிக்கு ஆட்சியாளரைச் சாடி எழுதிவிட்டு, "எதிர்பார்க்கப்படும் எண்ணிக்கை" என்ற கட்டத்தில் "திரளாக" என்று நிரப்பிய மனுவை நான் பார்த்திருக்கிறேன். நோக்கத்தை ஒரே வரியில் முடித்துவிட்டு, கூடும் இடம், கலையும் நேரம், எண்ணிக்கை, ஒலிபெருக்கியின் விவரம், தன்னார்வலர்களின் பெயர்கள் ஆகியவற்றில்தான் விரிவு காட்ட வேண்டும். மாற்று இடம் ஒன்றையும், மாற்றுத் தேதி ஒன்றையும் நீங்களே குறிப்பிட்டுவிட்டால், ஒரேயடியாக மறுப்பது அதிகாரிக்குக் கடினமாகிவிடும். ஊருக்கு வெளியே ஒரு மைதானத்தைக் காட்டி அங்கே போகச் சொன்னால், எதிர்ப்பு யாரை நோக்கியதோ அவர் கண்ணுக்கும் காதுக்கும் எட்டும் தூரத்தில் இடம் வேண்டும் என்று அன்றே எழுத்தில் பதில் கொடுங்கள்.

முதலில் சொன்ன அமைப்பினர் அன்று கூட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். அடுத்த முறை மனுவின் நகலில் தேதி முத்திரை வாங்கினார்கள். பதிவுத் தபாலிலும் ஒரு பிரதி அனுப்பினார்கள். ஒன்பதாம் நாள் ஐந்து நிபந்தனைகளோடு அனுமதி வந்தது. அவற்றில் ஒன்று, உரையின் எழுத்துப் பிரதியை முன்கூட்டியே ஒப்படைக்க வேண்டும் என்பது. கூட்டத்துக்கு இன்னும் பன்னிரண்டு நாட்கள் இருந்ததால், அந்த ஒரு நிபந்தனையை மட்டும் எதிர்த்து மனுத் தாக்கல் செய்ய எங்களுக்கு நேரம் கிடைத்தது.