வீட்டில் எவ்வளவு ரொக்கம் வைக்கலாம்? கதவு எவ்வளவு நேரம் தாங்கும்?

திருட்டு, தீ, வெள்ளம் என்று எது நடந்தாலும், அடுத்த நாள் அந்த வீட்டுக்குள் நுழைபவர்களில் நானும் ஒருவன். காப்பீட்டு நிறுவனங்களுக்காக இழப்பை மதிப்பிடுவது என் தொழில். வேலை முடிந்து கிளம்பும்போது வீட்டுக்காரர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகள் கேட்பார்கள். அவசரத்துக்கு வீட்டில் எவ்வளவு பணம் வைத்துக்கொள்ளலாம்? மறுபடியும் எவனும் உள்ளே வராமலிருக்க என்ன செய்யலாம்? இவற்றைத் தனித்தனிக் கேள்விகளாக எண்ணுவதால்தான் பல குடும்பங்கள் சிக்கிக்கொள்கின்றன. முதலில் பணத்தைச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். பிறகு அதைக் காப்பதற்குப் பூட்டுகளைச் சேர்த்துக்கொண்டே போகிறார்கள். நான் சொல்லும் கணக்கு வேறு. கத்தியோடு ஒருவன் எதிரில் நின்று கேட்டால் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுத்துவிட எவ்வளவு தொகைக்கு மனம் வருமோ, அதுவே வீட்டு ரொக்கத்தின் உச்சவரம்பு.

அதற்காக ரொக்கமே வேண்டாம் என்பதில்லை. செல்பேசியில் பணம் செலுத்துவது நமக்கு ஒரு நொடி வேலை. ஆனால் அந்த நொடியில் செல்பேசிக்கு உயிர் இருக்கவேண்டும், செல்பேசிக் கோபுரம் இயங்கவேண்டும், வங்கியின் சர்வர் பதில் சொல்லவேண்டும், கடைக்காரரின் கருவிக்கு மின்சாரம் வேண்டும். இவற்றில் ஒன்று நின்றாலும் கணக்கில் இருக்கும் பணம் கைக்கு வராது. 2025 ஏப்ரல் 28 அன்று நண்பகலில் ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் மின்சாரம் ஒருசேர நின்றபோது இதுதான் நடந்தது. ரயில்கள் நின்றன, அட்டை தேய்க்கும் கருவிகள் முடங்கின, தண்ணீரும் மின்கலமும் வாங்கக் கையில் நோட்டு வைத்திருந்தவர்களால்தான் முடிந்தது. அதற்கடுத்த மாதம் நெதர்லாந்தின் மத்திய வங்கி பெரியவர் ஒருவருக்கு 70 யூரோ, குழந்தைக்கு 30 யூரோ என்று வீட்டில் வைத்துக்கொள்ளச் சொன்னது. மூன்று நாள் செலவுக்கான கணக்கு அது. ஸ்வீடன் 2024இல் வீடுதோறும் அனுப்பிய நெருக்கடிக்கால வழிகாட்டி ஒரு வாரச் செலவுக்கு ரொக்கம் வைத்துக்கொள்ளச் சொல்கிறது.

வங்கிகளே மூடப்படும் நெருக்கடியும் உண்டு. 2015 ஜூன் இறுதியில் கிரேக்கத்தில் வங்கிகள் மூன்று வாரங்களுக்குக் கதவைச் சாத்தின. ஏடிஎம்மில் நாளொன்றுக்கு 60 யூரோவுக்கு மேல் எடுக்க முடியவில்லை. சைப்ரஸில் 2013 மார்ச்சில் ஏறக்குறைய இரண்டு வாரம் அடைத்துக்கிடந்தன. இதைப் படித்துவிட்டு ஆறு மாதச் செலவை அலமாரியில் அடுக்கிவிடத் தோன்றும். வேண்டாம். ஒரு வாரம், மிஞ்சிப்போனால் இரண்டு வாரம் தாங்கும் தொகை போதும். மூன்று முதல் ஆறு மாதச் செலவுக்கான அவசர நிதி வங்கியில்தான் இருக்கவேண்டும். அதையும் ஒரே வங்கியில் வைக்காமல் இரண்டாகப் பிரித்து வையுங்கள். ஒரு கணக்கையாவது கணவனும் மனைவியும் தனித்தனியாக இயக்கும்படி கூட்டாகத் திறந்துவிடுங்கள். குடும்பத் தலைவர் திடீரென்று இறந்துபோய், ஈமச்சடங்குச் செலவுக்குக்கூட மனைவியால் கணக்கைத் தொட முடியாமல் தவித்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். புயலும் போரும் எல்லா வீட்டுக்கும் வருவதில்லை. இந்த நெருக்கடி எந்த வீட்டுக்கும் வரலாம்.

வைக்கும் பணத்தைச் சிறு நோட்டுகளாக வையுங்கள். நெருக்கடி நேரத்தில் கடையில் சில்லறை இருக்காது. பெரிய நோட்டை நீட்டினால் கடைக்காரர் கைவிரிப்பார், அல்லது மீதியை மறந்துவிடச் சொல்வார். தொகையில் ஒரு பகுதி பணப்பையிலும், ஒரு பகுதி அவசரமாக வெளியேறினால் தூக்கிச் செல்லும் பையிலும், மீதி வீட்டுக்குள்ளும் இருக்கட்டும்.

காப்பீட்டை நம்பி அதிகம் வைப்பவர்கள் ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்கவேண்டும். வீட்டுக் காப்பீட்டில் ரொக்கத்துக்கென்று தனி வரம்பு வைத்திருப்பார்கள், அது மிகவும் குறைவு. ரொக்கத்தை அடியோடு விலக்கிய ஒப்பந்தங்களும் உண்டு. தொலைக்காட்சிக்கு ரசீது காட்டலாம். அலமாரியில் இருந்த கட்டுக்கு எதைக் காட்டுவது?

பணம் திருட்டில் மட்டும் போவதில்லை. வெள்ளம் வடிந்த வீடு ஒன்றில் பிளாஸ்டிக் உறையில் முடிச்சுப் போட்டு வைத்திருந்த நோட்டுக்கட்டை என் கையில் கொடுத்தார்கள். உறைக்குள் புகுந்த நீர் வெளியேற வழியில்லாமல், நோட்டுகள் ஒன்றோடொன்று ஒட்டிச் செங்கல்போல் இறுகியிருந்தன. ஓரமெல்லாம் கரும்பச்சைப் பூஞ்சை. வீட்டுக்காரர் அவற்றை நகத்தால் பிரிக்கப் பார்த்தார், மேல் நோட்டின் பாதி அடுத்த நோட்டோடு போய்விட்டது. அப்படிப்பட்ட கட்டைப் பிரிக்காமல், கிடைத்த நிலையிலேயே வங்கியிடம் கொண்டுபோகவேண்டும். யூரோவானாலும் டாலரானாலும் நோட்டில் பாதிக்கு மேல் எஞ்சியிருந்தால் மாற்றிக்கொள்ள வழியுண்டு. பாதிக்குக் கீழே போய்விட்டால், மற்ற பகுதி அழிந்துவிட்டது என்று நிரூபிக்கவேண்டிய பொறுப்பு நம்முடையது. நன்கு மூடிக்கொள்ளும் டப்பாவில், ஈரம் உறிஞ்சும் சிறு பொட்டலத்தோடு, வெள்ளம் எட்டாத உயரத்தில் வைப்பது நல்லது.

இரும்புப் பெட்டகம் வாங்குபவர்கள் இரண்டு செய்திகளைத் தெரிந்துகொள்ளவேண்டும். தீயைத் தாங்கும் பெட்டகமும் திருடனைத் தாங்கும் பெட்டகமும் ஒன்றல்ல. காகிதத்துக்கான தீத்தாங்கும் சான்று என்றால், குறிப்பிட்ட நேரம்வரை உள்ளே வெப்பம் 177 டிகிரி செல்சியஸைத் தாண்டாது என்று பொருள். அந்தச் சான்றுள்ள பெட்டியின் தகடு கடப்பாரைக்கு முன் நிற்காமல் போகலாம். இரண்டாவது, தரையிலோ சுவரிலோ போல்ட் போட்டு இறுக்காத சிறு பெட்டகத்தைத் திருடன் திறப்பதே இல்லை, அப்படியே தூக்கிக்கொண்டு போய்விடுகிறான். தூசி படிந்த அலமாரித் தட்டில் சுத்தமான ஒரு செவ்வகம் மட்டும் மிச்சமிருக்கும்.

உள்ளே வருபவன் பெரும்பாலும் நேராகப் படுக்கையறைக்குத்தான் போகிறான். மேசை இழுப்பறைகளைக் கீழிருந்து மேலாகத் திறக்கிறான். அப்படிச் செய்தால் ஒன்றை மூடிவிட்டு அடுத்ததைத் திறக்கவேண்டியதில்லை, நேரம் மிச்சம். மெத்தைக்கு அடியும் துணி மடிப்பும் அவனுக்குப் பழகிய இடங்கள். ஆனால் மறைவிடத்தைவிட முக்கியம் வாயடக்கம். வீட்டில் பணம் இருப்பது பெரியவர்கள் இருவருக்குத் தெரிந்தால் போதும். பழுது பார்க்க வந்தவர் முன்னிலையில் அலமாரியைத் திறந்து கூலி எண்ணிக் கொடுப்பதும், குழந்தைகள் காதுபட அதைப் பேசுவதும் வேண்டாம்.

இனி கதவு. விலையுயர்ந்த பூட்டு போட்டிருந்தோமே, எப்படி உடைத்தான் என்று கேட்பார்கள். பூட்டு பெரும்பாலும் அப்படியே நல்ல நிலையில் இருக்கும். கதவு நிலையில் தாழ் போய் நுழையும் சிறு தகட்டைப் பார்க்கச் சொல்வேன். அதைப் பிடித்திருப்பவை அரை அங்குலத் திருகாணிகள் இரண்டே இரண்டு. ஓங்கி இரண்டு உதை விட்டால் மரச்சிம்போடு பிய்ந்து வந்துவிடும். அந்தத் தகட்டைக் கனமானதாக மாற்றி, நிலையையும் தாண்டி உள்ளே பிடிக்கும் 75 மில்லிமீட்டர் திருகாணிகளால் இறுக்குவது ஒரு மணிநேர வேலை. புதிய பூட்டு வாங்கும் முன் இதைச் செய்யுங்கள். எந்தக் கதவும் என்றென்றும் தாங்காது. அவன் கூடுதலாகச் சில நிமிடம் சத்தம் போட்டுக்கொண்டிருக்கும்படி செய்வதே நம் நோக்கம்.

இந்த இடத்தில் நான் மன்றாடிக் கேட்டுக்கொள்வது ஒன்று உண்டு. திருடனுக்குப் பயந்து எல்லா ஜன்னலுக்கும் அசைக்க முடியாத கம்பி போட்டு, முன்கதவை உள்ளே இரட்டைப் பூட்டாகப் பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு உறங்கும் வீடு, தீப்பிடித்தால் கூண்டாகிவிடும். புகை சூழ்ந்த இருட்டில் சாவித்துளை கைக்குத் தட்டுப்படாது. தீயணைப்பு வீரர்கள் வெளியே நின்று கம்பியை அறுத்துக்கொண்டிருக்கும் நிமிடங்களில் உள்ளே மூச்சு அடங்கிவிடும். ஒவ்வொரு படுக்கையறையிலும் ஒரு ஜன்னல் கம்பியாவது சாவி இல்லாமல் உள்ளிருந்து திறக்கும்படி இருக்கவேண்டும். வாசற்கதவுக்கு உள்ளே கைப்பிடியைத் திருப்பினாலே திறக்கும் பூட்டு நல்லது. சாவிதான் என்றால் வெளியிலிருந்து கை எட்டாத, ஆனால் வீட்டில் அனைவருக்கும் தெரிந்த ஆணியில் அது தொங்கட்டும். குழந்தைகளை விளக்கை அணைத்துவிட்டுத் திறக்கச் சொல்லிப் பாருங்கள். அவர்களால் முடியவில்லையென்றால் அந்தப் பூட்டை மாற்றுங்கள்.

உள்ளே ஆள் நுழைந்துவிட்டது தெரிந்தால் எதிர்த்துப் போகாதீர்கள். கனமான கதவும் உள்தாழ்ப்பாளும் உள்ள ஓர் அறையை முன்கூட்டியே முடிவு செய்து, அங்கே டார்ச் விளக்கும் மின்னேற்றிய செல்பேசியும் வையுங்கள். எல்லோரும் அங்கே போய்த் தாழிட்டுக்கொண்டு அவசர எண்ணை அழைத்து, அழைத்துவிட்டோம் என்று உரக்கச் சொல்லுங்கள். போவதற்கு நேரமில்லாமல் நேருக்கு நேர் மாட்டிக்கொண்டால் கேட்பதைக் கொடுத்துவிடுங்கள். துப்பாக்கி வைத்துக்கொள்ளச் சட்டம் இடம்தரும் நாடுகளில் இருப்பவர்கள் அதையே காவலாக நினைக்கிறார்கள். 1993இல் அமெரிக்காவின் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான ஆய்வு, துப்பாக்கி உள்ள வீடுகளில் வீட்டுக்குள்ளேயே ஒருவர் கொலையாகும் வாய்ப்பு 2.7 மடங்கு அதிகம் என்று காட்டியது. கொலை செய்தவர்களில் பெரும்பாலோர் குடும்பத்தினரும் பழகியவர்களுமே. எத்தனையோ வீடுகளின் உள்ளே போய் வந்தவன் என்ற முறையில், என் குடும்பத்துக்கு நான் அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

திருட்டு நடந்துவிட்டால் போலீசார் வந்து பார்க்கும்வரை எதையும் தொடாமல் படம் எடுத்துக்கொள்ளுங்கள். சாவி ஏதும் காணவில்லை என்றால் அன்றைக்கே பூட்டை மாற்றுங்கள். ஒருமுறை திருட்டுப்போன வீடு சில வாரங்களுக்குள் மறுபடி குறிவைக்கப்படுவது குற்றவியலில் நன்கு அறியப்பட்ட செய்தி. வழி தெரிந்தவன் வருகிறான், போன பொருளுக்குப் பதில் புதியது வந்திருக்கும் என்றும் அவனுக்குத் தெரியும். ஆகவே பிளந்த கதவுநிலையைச் சரிசெய்ய அன்று மாலைக்குள் தச்சர் வந்தாகவேண்டும். வெறுமையான டப்பாவில் மறுபடி பணம் போடுவதை அதற்குப் பிறகு, வேறொரு இடம் பார்த்துச் செய்துகொள்ளலாம்.