பூவை நம்பித் தோட்டம் போடாதீர்கள்

தோட்டத்தைப் பார்த்துச் சொல்லக் கூப்பிட்டதில் இந்த ஏப்ரலில் மட்டும் இது நான்காவது வீடு. தாம்பரம் பக்கம், ஓய்வுபெற்ற தம்பதி. பொங்கல் சமயத்தில் பூத்துக் குலுங்கிய 31 தொட்டிகளை ஆசையாக வாங்கி வாசலில் அடுக்கியிருக்கிறார்கள். பெட்டூனியா, டாலியா, டயாந்தஸ், நிறத்துக்கு ஒன்று. நான் போனபோது பாதிக்கு மேல் காய்ந்த குச்சி. “தண்ணி தவறாம ஊத்தினோமே சார்” என்கிறார் ஐயா. தண்ணீர் என்ன செய்யும்? அவை குளிர்காலத்துச் சீசன் பூக்கள். சென்னையில் மார்ச்சோடு அவற்றின் ஆயுசு முடிந்தது.

அடுத்த மாதம் ஊட்டி மலர்க் கண்காட்சி. அப்புறம் இன்னொரு கூட்டம் கைப்பேசியில் படத்தோடு வரும். ஊட்டி 2,200 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே மாடங்களில் அடுக்கியிருப்பவை, அந்தச் சில நாட்களுக்காகவே மாதக்கணக்கில் முன்னால் விதைத்து வளர்த்த தொட்டிகள். கல்யாண மேடையைப் பார்த்துவிட்டு வீட்டுக் கூடத்தை அப்படியே வைத்துக்கொள்ள யாராவது ஆசைப்படுவார்களா?

பூ வந்து போகும் விருந்தாளி. இலைதான் வீட்டு ஆள். பூங்காக்களில் புல்தரை நடுவே எழுத்தும் வடிவமும் போட்டிருப்பார்களே, கிட்டப் போய்ப் பாருங்கள். சிவப்பும் மஞ்சளும் பெரும்பாலும் ஆல்டர்னாந்திரா மாதிரியான செடிகளின் இலைகள், பூவே இருக்காது.

சரி, இலை நிறத்துக்கு வருவோம். என் பொறுமையைச் சோதிப்பது இதுதான். அந்த அம்மா மாடிப்படிக்குக் கீழே கூட்டிப்போய் ஒரு குரோட்டன்ஸைக் காட்டினார். “தம்பி, வாங்கும்போது செக்கச்செவேல்னு இருந்தது. நர்சரிக்காரன் ஏமாத்திட்டான்.” யாரும் ஏமாற்றவில்லை அம்மா. வெளிச்சம் போதாத இடத்தில் வைத்தால் செடி பச்சையத்தைக் கூட்டிக்கொள்ளும். அது சிவப்பையும் மஞ்சளையும் அமுக்கிவிடும். நிறம் வேண்டுமென்றால் நாளைக்கு 4 மணி நேரமாவது வெயில் வேண்டும். சத்துக் குறைவு என்று நினைத்து அவர் யூரியா வேறு போட்டிருக்கிறார். யூரியா தழைச்சத்து. அது பச்சையைத்தான் கூட்டும், சிவப்பைக் கொண்டுவராது. இதை வீடு வீடாகச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலிக்கிறது. கோலியஸ் என்ற வண்ண இலைச்செடி இதற்கு நேர் எதிர். நம் ஊர் உச்சி வெயிலில் வெளிறிக் கருகும். காலை வெயில் போதும். (வெள்ளைக் கோடு போட்ட இலைச்செடியில் முழுப் பச்சையாக ஒரு கிளை கிளம்பினால் அன்றைக்கே வெட்டுங்கள். பச்சையம் அதிகமுள்ள கிளை வேகமாக வளர்ந்து செடியையே பிடித்துக்கொள்ளும்.)

பேசிக்கொண்டே ஆறரை தாண்டிவிட்டது. அவர்கள் தோட்டத்தில் உட்காருவதே அந்த நேரத்தில்தான். மிச்சமிருந்த சிவப்புச் செம்பருத்தி கண்ணெதிரே கறுத்து, பின்னாலிருந்த மதிலோடு மதிலாகிவிட்டது. இருட்டத் தொடங்கினால் நம் கண்ணுக்கு முதலில் மங்குவது சிவப்புதான். மூலையில் யாரும் கவனிக்காமல் நின்ற வெள்ளை நந்தியாவட்டை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. ஐயா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். அது முந்தைய வீட்டுக்காரர் வைத்ததாம்.

அதனால் நர்சரிக்குக் கிளம்பும் முன், நீங்கள் உட்காரும் இடத்தில், உட்காரும் நேரத்தில் ஒரு நாள் சும்மா உட்காருங்கள். வெயில் எங்கே எத்தனை மணி நேரம் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பிறகு இலைச்செடியில் மூன்றே வகை எடுங்கள், ஒவ்வொன்றிலும் ஐந்து செடி, கூட்டமாக வையுங்கள். நிறத்துக்கு ஒன்று வாங்கினால் அது தோட்டமாகாது, நர்சரியின் கிளைக் கடைதான். சீசன் பூவுக்குக் கடைசியில் இரண்டு தொட்டி ஒதுக்கினால் போதும். காகிதப்பூவுக்குத் தினமும் தண்ணீர் ஊற்றாதீர்கள். தழைத்துத் தள்ளும், நிறம் காட்டாது. அப்புறம், கெஞ்சிக் கேட்கிறேன்: தவழும் குழந்தை உள்ள வீட்டில், இலை அழகாக இருக்கிறதென்று டிஃபன்பேக்கியாவையும் கலேடியத்தையும் கைக்கெட்டும் உயரத்தில் வைக்காதீர்கள். கடித்தால் வாயும் நாக்கும் எரிந்து வீங்கிவிடும். அரளி இன்னும் மோசம். அது உயிருக்கே ஆபத்து.

குரோட்டன்ஸைக் கொஞ்சம் கொஞ்சமாக வெயிலுக்குப் பழக்கச் சொல்லியிருக்கிறேன். பழைய இலைகள் பச்சையாகவே இருக்கும், இனி விடும் இலைகளில்தான் நிறம் ஏறும். அந்த அம்மா தலையாட்டினார். எதற்கும் இருக்கட்டும் என்று யூரியா டப்பாவை நானே எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.