பெயின் கில்லருக்குத் தமிழ் வலிதணிப்பி

கடலூர் முதுநகரில் சாயங்காலம் மருந்துக் கடை வாசலில் நின்றால் இது காதில் விழும்: "அண்ணே, வலை இழுத்து தோள்பட்டை தூக்க முடியல, ஒரு பெயின் கில்லர் குடுங்க." கடைக்காரர் அட்டையிலிருந்து இரண்டு மாத்திரையைக் கத்தரித்துக் கொடுப்பார். அந்தத் துண்டில் மருந்தின் பெயர் பாதிதான் இருக்கும், காலாவதித் தேதி இருக்காது. வாங்கியவர் கையில் மிஞ்சுவது 'பெயின் கில்லர்' என்ற சொல் மட்டும்.

'பெயின்' என்பதன் மூலம் லத்தீன் 'போயினா'. பொருள், தண்டனை. பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. 'கில்லர்' ஒட்டியது வியாபாரத்தில். 1840களில் அமெரிக்காவில் பெரி டேவிஸ் என்பவர் தம் மருந்தை இந்தப் பெயரில் விற்றுப் புகழ்பெற்றார். அதில் அபினும் சாராயமும் இருந்தன. மருத்துவர்கள் சொல்லும் 'அனால்ஜெசிக்' கிரேக்கத்திலிருந்து வந்தது. வலியின்மை என்று பொருள்.

தமிழில் 'வலி' பழைய நாளில் வலிமையைக் குறித்தது. 'வினைவலியும் தன்வலியும்' என்ற குறளில் அந்தப் பொருள்தான். துடுப்பு வலித்தல் என்றால் இழுத்தல். உடம்பின் துன்பத்துக்கு நோய், நோவு என்றார்கள். எங்கள் பக்கத்துக் கிராமங்களில் இன்றும் "கால் நோவுது" என்றுதான் பேச்சு.

சரி, தமிழில் எப்படிச் சொல்வது? 'வலிநிவாரணி' பரவலாக இருக்கிறது, நிவாரணம் வடசொல். 'வலிக்கொல்லி', 'வலிநீக்கி' இரண்டும் எனக்கு உடன்பாடில்லை. அடிபட்ட இடத்தில் உடம்பு புரோஸ்டாகிளாண்டின் என்ற பொருளைச் சுரக்கிறது. அது வீக்கத்தையும் வலியுணர்வையும் கூட்டும். ஐபுபுரூஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற மாத்திரைகள் அந்தச் சுரப்பைக் குறைக்கின்றன, அவ்வளவுதான். சுளுக்கிய தசை சுளுக்கியபடியே இருக்கும். மாத்திரை போட்டதும் சரியாகிவிட்டது என்று மறுநாளே வலை இழுக்கப் போனால் தோள் இன்னும் கெடும். இதற்குப் பொருத்தமான வினை குறளிலேயே இருக்கிறது: 'நோய்நாடி நோய்முதல் நாடி அதுதணிக்கும் வாய்நாடி'. தணித்தல். அதனால் வலிதணிப்பி என்பதே என் தேர்வு.

'மாத்திரை'யும் கவனிக்க வேண்டிய சொல். இலக்கணத்தில் அது கண்ணிமைக்கும் நேர அளவு. குறிலுக்கு ஒன்று, நெடிலுக்கு இரண்டு. மருந்திலும் அளவுதான் பேச்சு. காய்ச்சலுக்கும் தலைவலிக்கும் எல்லோரும் போடும் பாராசிட்டமால் 500, 650 மில்லிகிராமில் வருகிறது. பெரியவர்களுக்கும் ஒரு நாளில் 4 கிராமைத் தாண்டினால் கல்லீரல் பாதிக்கப்படலாம். சளி மாத்திரை பலவற்றில் அதே பாராசிட்டமால் கலந்திருப்பதால், தெரியாமலே இரட்டிப்பாகிவிடும்.

மூட்டுவலி, வீக்கம், பல்வலிக்குத் தரும் டைக்ளோஃபெனாக் வகை வெறும் வயிற்றில் போட்டால் வயிற்றை எரிக்கும். நாள்கணக்கில் தொடர்ந்தால் வயிற்றில் புண் வரலாம், சிறுநீரகமும் கெடலாம். ஐப்பசி கார்த்திகை மழையில் காய்ச்சலோடு உடம்பு வலித்தால் இந்த வகையைத் தொடவே கூடாது. டெங்குவாக இருந்தால் இதே வகையைச் சேர்ந்த ஆஸ்பிரினும் ஐபுபுரூஃபெனும் இரத்தக் கசிவைக் கூட்டும். அப்போது பாராசிட்டமால்தான், அதுவும் அளவோடு. அறுவை சிகிச்சைக்குப் பிறகும் புற்றுநோய் வலிக்கும் தரும் டிராமடால் அபின் வகையைச் சேர்ந்தது, பழக்கமாகிவிடும். 2018 முதல் அது போதைப்பொருள் சட்டத்தின் கீழ் இருக்கிறது.

மருத்துவர் சீட்டு இல்லாமல் தரக்கூடாத மருந்தின் அட்டையில் சிவப்புக் கோடு போட்டிருக்கும். டைக்ளோஃபெனாக் அட்டையிலும் அது உண்டு. அட்டையைக் கத்தரிக்கும்போது, அந்தக் கோடும் பெயரும் தேதியும் இருக்கிற பக்கமாகக் கேட்டு வாங்குங்கள்.