வேலி போடுவதற்கு முன்பே நிலம் கைமாறிவிடுகிறது

சில வருடங்களுக்கு முன் ஒரு குழுவினர் என்னைப் பார்க்க வந்தார்கள். கையில் ஒரு அட்டைப்பெட்டி, அது நிறையக் கையெழுத்துத் தாள்கள். தங்கள் குடியிருப்பை ஒட்டிய புதர்க்காட்டில் ஒரு பகுதியைக் கட்டுமானத்துக்குக் கொடுக்கப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, வீடு வீடாக ஏறி இறங்கி வாங்கிய கையெழுத்துகள். சின்னப் பிள்ளைகள் கிரேயானில் எழுதிய பெயர்கள்கூட இருந்தன. நான் கேட்ட முதல் கேள்வி, ஆட்சேபணை தெரிவிக்கக் கடைசி நாள் எது என்பதுதான். யாருக்கும் தெரியவில்லை. தேடி எடுத்துப் பார்த்தால் அது பதினொரு நாளைக்கு முன்பே முடிந்திருந்தது. அறிவிப்பு செய்தித்தாளில் வந்துதான் இருக்கிறது, உள்பக்கத்தில், இரண்டு விரல் அகலத்தில். அந்த இடத்தை எல்லோரும் என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார்களோ அந்தப் பெயர் அதில் இல்லை, புல எண்ணும் (சர்வே எண்) பரப்பளவும் மட்டும். தினமும் அதே செய்தித்தாளைப் படிக்கிறவர்கள் அந்தப் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். காலையில் தாங்கள் நடக்கப்போகும் காடுதான் அந்த எண் என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்?

அந்தப் பெட்டி இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது. பொது நிலம் தொடர்பான வழக்குகளைப் பார்க்கிற வழக்கறிஞர் நான், இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்தப் பெட்டியால்தான். இயந்திரம் வந்து நிற்கிற நாளில் நாம் எல்லோரும் கூடிவிடுகிறோம், கோஷம் போடுகிறோம், படம் எடுக்கிறோம், ஆனால் அதற்கு ஒன்றிரண்டு வருடம் முன்பே ஒரு கோப்பில் நிலத்தின் வகைப்பாடு மாறி, கையெழுத்தாகி, குத்தகைக்கோ விற்பனைக்கோ வழி திறந்துவிட்டிருக்கும். அந்த ஒன்றிரண்டு வருடம்தான் நமக்கு உண்மையான அவகாசம்.

“அது பாதுகாக்கப்பட்ட இடம் சார், யாரும் தொட முடியாது” என்று நிறையப் பேர் நம்பிக்கையோடு சொல்வார்கள். எதனால் பாதுகாக்கப்பட்டது என்று கேட்டால் பதில் வராது. பலகை வைத்திருக்கிறார்கள், வரைபடத்தில் பச்சை அடித்திருக்கிறார்கள் என்பார்கள். பலகை ஒரு சட்டம் கிடையாது. வரைபடத்தின் பச்சை நிறம் பல இடங்களில் வெறும் திட்ட நோக்கம், அடுத்த திருத்தத்தில் அது குடியிருப்புக்கான மஞ்சளாகலாம். ஒரு நிலத்தைப் பற்றி முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இந்தப் பாதுகாப்பை யார் எடுத்துவிட முடியும், அதற்கு எத்தனை படி ஏற வேண்டும் என்பதுதான். ஓர் அதிகாரியின் உத்தரவு போதுமா, அரசிதழில் அறிவிக்க வேண்டுமா, சட்டமன்றம் கூட வேண்டுமா, மக்களிடம் வாக்கெடுக்க வேண்டுமா? நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக், கேட்ஸ்கில் மலைகளில் உள்ள அரசுக் காடுகள் எப்போதும் காடாகவே இருக்க வேண்டும் என்று 1894இல் அந்த மாநில அரசியலமைப்பிலேயே எழுதிவிட்டார்கள். அதில் ஒரு துண்டை எடுக்க வேண்டுமென்றாலும் அடுத்தடுத்துத் தேர்ந்தெடுக்கப்பட்ட இரண்டு சட்டமன்றங்கள் ஒப்புக்கொண்டு, அப்புறம் மக்களும் வாக்களிக்க வேண்டும். அது பல படி. பெர்லினில் மூடப்பட்ட டெம்பல்ஹோஃப் விமான நிலையத்தின் திடலில், 2014இல் நடந்த வாக்கெடுப்பில் வாக்களித்தவர்களில் 100க்கு 64 பேர் கட்டுமானம் வேண்டாம் என்றார்கள், சட்டமும் வந்தது. ஆனால் அது சாதாரணச் சட்டம் என்பதால், 2016இல் அகதிகளுக்குத் தற்காலிகக் குடியிருப்பு அமைக்க நகரச் சட்டமன்றமே அதைத் திருத்திக்கொண்டது. அகதிகளுக்கு இடம் கொடுத்ததை நான் குறை சொல்லவில்லை. மக்கள் வாக்களித்து வந்த சட்டத்தின் உயரமும் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

சரி, பாதுகாப்பு பலவீனமாகத்தான் இருக்கிறது என்று தெரிந்துவிட்டது, இனி என்ன செய்வது? அந்த நிலத்தை மக்கள் எப்படிப் பயன்படுத்திவந்தார்கள் என்பதற்குச் சாட்சியம் சேர்க்க ஆரம்பியுங்கள். லண்டனை ஒட்டிய எப்பிங் காட்டின் கதையை என்னிடம் வருகிறவர்களுக்கு நான் தவறாமல் சொல்வேன். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே பண்ணை உரிமையாளர்கள் காட்டைத் துண்டுதுண்டாக வேலி போட்டு எடுத்துக்கொண்டிருந்தார்கள். லௌட்டன் என்ற ஊரில் தாமஸ் வில்லிங்கேல் என்ற தொழிலாளியின் குடும்பம் குளிர்காலத்துக்கு மரக்கிளை வெட்டும் பழைய உரிமையை விடவில்லை. வேலியைத் தாண்டிப் போய் வெட்டினார்கள், 1866இல் அவர் மகன் உட்பட உறவினர்கள் சிறைக்குப் போனார்கள். அப்புறம் லண்டன் மாநகராட்சி வழக்கில் இறங்கியது. மாநகராட்சிக்கு அங்கே என்ன உரிமை? கல்லறைக்காக அது வாங்கியிருந்த நிலத்தோடு காட்டில் மாடு மேய்க்கும் உரிமையும் சேர்ந்து வந்திருந்தது. அந்த மேய்ச்சல் உரிமையைப் பிடித்துக்கொண்டு 1874இல் வழக்கை வென்றார்கள், வேலிகள் சட்டவிரோதம் என்று தீர்ப்பானது, 1878இல் காட்டுக்கென்றே தனிச் சட்டம் வந்தது. விறகும் மேய்ச்சலும் காப்பாற்றிய காடு அது.

நம் மொழியில் புறம்போக்கு என்ற சொல் வரிக் கணக்குக்கு வெளியே, எல்லோருக்குமாக விடப்பட்ட நிலத்தைக் குறித்தது. இன்று அது வசைச்சொல். எனக்கு இது உண்மையிலேயே வருத்தம் தருகிற விஷயம், ஏனென்றால் “யாருக்கும் பயன்படாத நிலம்” என்ற எண்ணம் வந்த பிறகுதான் கோப்பு நகர ஆரம்பிக்கிறது.

இன்னொரு வழக்கு. ஒரு தாழ்வான நிலம், அதில் ஈரநிலத்துக்கான அடையாளமே இல்லை என்று ஆய்வறிக்கை சொன்னது. கனமான அறிக்கை, வண்ணப்படங்களோடு. அறிக்கையின் முகப்பை விட்டுவிட்டுப் பின்னிணைப்பைப் படியுங்கள் என்று இளம் வழக்கறிஞர்களுக்கு நான் எப்போதும் சொல்வது இதனால்தான். களத்துக்குப் போன நாட்கள் பின்னிணைப்பில் பட்டியலாக இருந்தன, எல்லாமே கோடையில், மொத்தம் இரண்டு வாரத்துக்குள். அங்கே ஆடு மேய்க்கிற ஓர் அம்மா எங்களைக் கூட்டிக்கொண்டு போய் ஒரு மரத்தைக் காட்டினார். பட்டையில் முழங்கால் உயரத்துக்குச் சேறு காய்ந்த கோடு, அதற்குக் கீழே நிறம் வேறு, மேலே வேறு. “தண்ணி இது வரைக்கும் நிக்கும், பாம்புத்தாரா இங்கதான் உக்காரும்” என்றார். பாம்புத்தாரா நீர்நிலைகளில் மீன் பிடித்து வாழும் பறவை. பக்கத்தில் நின்ற இருபது முப்பது மரத்திலும் அதே உயரத்தில் அதே கோடு. அளவுகோல் வைத்துப் படம் எடுத்தோம், மழைக்குப் பிறகு போய் அதே இடத்தில் நின்று மறுபடி எடுத்தோம். மறு ஆய்வுக்கு உத்தரவு வந்தது. ஆகவே உங்கள் நிலத்தை மாதம் ஒருமுறையாவது, ஒரே இடத்தில் நின்று, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். பிரச்சினை ஒன்றும் இல்லாத காலத்தில் எடுத்த படத்துக்குத்தான் மதிப்பு அதிகம்.

எதிர்ப்பக்கம் சொல்கிற நியாயத்துக்கும் பதில் தயாராக இருக்க வேண்டும். கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் குந்திப்புழையின் குறுக்கே அணை கட்டி மின்சாரம் எடுக்கத் திட்டம் வந்தபோது, கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற மக்கள் அறிவியல் இயக்கம் காட்டின் அருமையை மட்டும் பேசிக்கொண்டிருக்கவில்லை. மின்சாரக் கணக்கையும் எடுத்துப் போட்டு, பொருளாதாரமும் பொறியியலும் தெரிந்தவர்களை உட்கார வைத்து, இந்தத் தேவைக்கு வேறு வழி இருக்கிறது என்று அறிக்கை கொடுத்தது. ஊர் ஊராகப் போய்ப் பேசியது. 1983இல் திட்டம் கைவிடப்பட்டது, 1984இல் அது தேசியப் பூங்காவானது. வீடு வேண்டும், மருத்துவமனை வேண்டும் என்று சொல்கிறவர்களை எதிரியாக நினைக்காதீர்கள். அவர்களுடைய தேவை உண்மையானது. அதற்கு எந்த இடம் பொருத்தம் என்று நாமே காட்டினால் பாதி வாதம் அங்கேயே முடிந்துவிடும்.

நீதிமன்றத்தில் கைகொடுக்கும் ஒரு கோட்பாட்டையும் சொல்லியாக வேண்டும். ஆறு, கடற்கரை, காடு போன்றவற்றுக்கு அரசு அறங்காவலர்தான், மக்களுக்காக அவற்றை வைத்திருக்கிறது என்பது அது. ரோமானியச் சட்டத்திலிருந்து வருகிற பழைய கருத்து. இந்திய உச்ச நீதிமன்றம் 1996 டிசம்பரில், பியாஸ் ஆற்றங்கரையில் ஒரு விடுதிக்குக் காட்டு நிலம் குத்தகைக்குக் கொடுக்கப்பட்ட வழக்கில் இதைத்தான் சொல்லிக் குத்தகையை ரத்து செய்தது. வலிமையான கோட்பாடு. ஆனாலும் நிலத்தின் மேல் கட்டடம் எழும்பிய பிறகு இதைத் தூக்கிக்கொண்டு போனால், இத்தனை நாள் எங்கே இருந்தீர்கள் என்ற கேள்வியோடுதான் விசாரணை தொடங்கும். தாமதம் நல்ல வழக்கையும் கெடுத்துவிடும், நான் பார்த்திருக்கிறேன்.

“கொஞ்சம்தானே எடுக்கிறார்கள்” என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள். ஓரத்தில் ஒரு சாலை, சாலைக்கு விளக்கு, விளக்குக்கு ஒரு அறை, அறைக்குக் கழிவுநீர்க் குழாய், இப்படித்தான் போகும். மரத்துக்குப் பதிலாக வேறு இடத்தில் மரம் நடுகிறோம் என்பார்கள். எங்கே, எத்தனை வருடம், யார் தண்ணீர் ஊற்றுவது என்று எழுத்தில் கேளுங்கள்.

நிலத்தை மீட்ட பிறகு என்ன செய்வது என்பதற்கு கென்யாவின் தலைநகரான நைரோபியின் கரூரா காடு நல்ல உதாரணம். 1932இலேயே காப்புக் காடாக அறிவிக்கப்பட்ட இடம், தொண்ணூறுகளில் அதைத் தனியாருக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். 1999 ஜனவரியில் சூழலியல் போராளி வங்காரி மாத்தாய் அங்கே மரம் நடப் போனபோது அடியாட்கள் தாக்கி, அவருக்குத் தலையில் காயம். அந்தப் போராட்டம் நாடெங்கும் பரவி, அதே வருடம் பொது நிலம் ஒதுக்குவதையே அதிபர் நிறுத்த வேண்டியதாயிற்று. அதன் பிறகும் ஆள் நடமாட்டமே இல்லாத, பயப்படுகிற இடமாகத்தான் காடு இருந்தது. சுற்றியிருந்தவர்கள் கரூராவின் நண்பர்கள் என்று சங்கம் அமைத்து, வனத்துறையோடு சேர்ந்து வேலி, பாதை, காவல் எல்லாம் ஏற்பாடு செய்த பிறகுதான் குடும்பம் குடும்பமாக ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். நடமாட்டம் உள்ள காட்டைச் சத்தமில்லாமல் எடுக்க முடியாது.

அட்டைப்பெட்டியோடு வந்தவர்களுக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். சாலையோரப் பகுதி போய்விட்டது, இப்போது அங்கே ஏழு மாடி நிற்கிறது. மிச்சமிருக்கும் காடு நான்கு புல எண்களில் வருகிறது. அந்த நான்கு எண்களையும் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அவர்கள் கூப்பிடும் பெயரையும் எழுதி (நாவல் மேடு, ஓடைப் பக்கம், அப்படி) எல்லா வீட்டுக்கும் கொடுத்திருக்கிறார்கள். வாரத்துக்கு ஒரு வீடு என்று முறை வைத்து அறிவிப்புப் பக்கங்களைப் படிக்கிறார்கள். போன வருடம் ஒருநாள் காலை ஏழு மணிக்கு எனக்குப் போன் வந்தது, ஓடைப் பக்கத்தின் எண் செய்தித்தாளில் வந்திருக்கிறது, ஆட்சேபணைக்கு இன்னும் இருபத்தொன்பது நாள் இருக்கிறது என்று.