ஸ்பேம்: தகர டப்பாவிலிருந்து தொப்பை மருந்து வரை

“மெயில் வரலையா? ஸ்பேம்ல பாருங்க.” அலுவலகத்தில் தினமும் காதில் விழும் பேச்சு இது. அங்கே போய்த் துழாவினால், தேடிய கடிதத்துக்கு முன்னால் கண்ணில் படுபவை வேறு. ‘பத்தியம் வேண்டாம், உடற்பயிற்சி வேண்டாம், 30 நாளில் 10 கிலோ!’ என்று ஒன்று. ‘முழங்கால் வலிக்கு ஒரே இரவில் விடுதலை’ என்று இன்னொன்று.

கேட்காமலே, ஏராளமானோருக்கு மொத்தமாக அனுப்பப்படும் மின்னஞ்சல்தான் ஸ்பேம். நாமே பெயர் கொடுத்து வாங்கும் ஜவுளிக்கடைத் தள்ளுபடி மடல் எரிச்சல் தரலாம், ஆனால் அது ஸ்பேம் இல்லை. அதே சமயம், மூட்டுவலிக்கு உண்மையிலேயே பலன் தரும் தைலமாக இருந்தாலும், கேட்காத லட்சம் பேருக்கு அதை விளம்பரம் செய்தால் ஸ்பேம்தான். சரக்கு நல்லதா கெட்டதா என்பது இங்கே கணக்கில்லை.

சொல்லின் பிறப்பிடம் சமையலறை. 1937இல் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்து ஹார்மெல் நிறுவனம் டப்பாவில் அடைத்த பன்றி இறைச்சியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அதற்குப் பெயர் வைக்க நடந்த போட்டியில் 100 டாலர் பரிசை வென்ற பெயர்தான் ஸ்பேம். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டனில் நல்ல இறைச்சிக்குத் தட்டுப்பாடு. ஸ்பேம் டப்பா மட்டும் தாராளமாகக் கிடைத்தது. அந்தச் சலிப்பை வைத்து மான்டி பைத்தான் என்ற பிரிட்டிஷ் நகைச்சுவைக் குழு 1970இல் பிபிசி தொலைக்காட்சியில் ஒரு நகைச்சுவைக் காட்சி போட்டது. உணவகத்தில் எதைக் கேட்டாலும் அதில் ஸ்பேம் இருக்கும். பக்கத்து மேசையில் உட்கார்ந்திருக்கும் வைக்கிங் (பழங்கால வட ஐரோப்பியக் கடலோடிகள்) வேடக் கூட்டமோ ‘ஸ்பேம், ஸ்பேம்’ என்று பாடி மற்றவர் பேச்சையே அமுக்கிவிடும். பிற்பாடு இணைய அரட்டைகளில் ஒரே வரியைத் திரும்பத் திரும்பக் கொட்டி அடுத்தவரைப் பேசவிடாமல் செய்பவர்களுக்கு இந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அங்கிருந்து மின்னஞ்சலுக்கும் வந்தது.

பெயருக்கு முன்பே பொருள் இருந்தது என்பது வேடிக்கை. 1978இல் கேரி துயர்க் என்ற விற்பனையாளர், இணையத்தின் முன்னோடியான ஆர்பாநெட்டில் சுமார் 400 பேருக்குக் கணினி விளம்பரம் அனுப்பி வசை வாங்கிக் கட்டிக்கொண்டார்.

கணினியில் தொடங்கியது தொப்பைக்கு வந்ததற்குக் காரணம் எளிது. அனுப்பும் செலவு ஏறக்குறைய இல்லை. லட்சத்தில் ஒருவர் மாத்திரை வாங்கினாலும் லாபம். உடல் பருமனும் மூட்டுவலியும் யாரிடமும் சொல்லக் கூச்சப்படும், எதையாவது செய்து பார்த்துவிடலாம் என்று ஏங்கவைக்கும் தொல்லைகள். 2008இல் அமெரிக்க அரசின் வணிகக் கண்காணிப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் நீதிமன்றம் போய்த் தடுத்த ‘ஹெர்பல் கிங்’ ஸ்பேம் கும்பல் விற்றவற்றில் எடை குறைப்பு மாத்திரையும் உண்டு. ‘ஹெர்பல்’, அதாவது ‘மூலிகை’ என்ற ஒட்டுச்சீட்டுக்கு அவ்வளவு மவுசு! இந்தியாவிலும், உடல் பருமனைக் குணப்படுத்துவதாக மருந்து விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டின் ஆட்சேபகரமான விளம்பரங்கள் சட்டம் தடுக்கிறது. அப்புறம், இத்தகைய கடிதத்தின் அடியில் ‘இனி அனுப்பாதே’ என்று ஓர் இணைப்பு இருக்கும். அதை அழுத்தினால், இந்த முகவரியில் ஆள் இருக்கிறது என்று நாமே சொல்லிக் கொடுப்பதாகவும் முடியலாம். தொடாமல் ஸ்பேம் என்று குறித்துவிடுவதே மேல்.

சரி, தமிழில்? ‘குப்பை அஞ்சல்’ பரவலாக இருக்கிறது. ஆனால் அது உள்ளே இருப்பதைத் திட்டுகிறது, கேட்காமல் வந்ததைச் சொல்லவில்லை. ‘எரிதம்’ என்பது தமிழ் விக்கிப்பீடியாவில் புழங்கும் சொல். சுருக்கமானது, ஆனால் புதிதாகப் பார்ப்பவருக்கு விளக்கினால்தான் புரியும். ‘வேண்டா அஞ்சல்’ என் தேர்வு. சட்டம், செய்தி எழுதுகிற இடத்தில் அதைப் போடலாம். மின்னஞ்சல் பெட்டியில் அவை போய் விழும் அடைவுக்குக் ‘குப்பை’ என்ற ஒற்றைச் சொல்லே போதும்.