நீட் பி.ஜி. தாண்டினால் போதுமா? சேலத்து ஹவுஸ் சர்ஜன்களுக்குக் கொஞ்சம் தீசிஸ் பேச்சு

எம்.பி.பி.எஸ். கடைசியில் ஒரு வருஷக் கட்டாயப் பயிற்சியாக ஹவுஸ் சர்ஜன் பார்க்கும் பிள்ளைகளிடம் "மேற்படிப்புக்கு என்னப்பா பண்றே?" என்று கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்கிறார்கள். ஆப்பில் எத்தனை வீடியோ பாக்கி, போன மாதிரித் தேர்வில் என்ன ரேங்க். தப்பில்லை. 200 கேள்வி, மூன்றரை மணி நேரம், சரியான விடைக்கு 4, தவறினால் 1 கழியும். மேற்படிப்பு நுழைவுத் தேர்வான இந்த நீட் பி.ஜி.யைத் தாண்டாமல், தனித் தேர்வு வைக்கும் எய்ம்ஸ், ஜிப்மர் போன்ற சில இடங்களைத் தவிர, எம்.டி. சீட்டும் இல்லை, எம்.எஸ். சீட்டும் இல்லை. ஆனால் சீட் கிடைத்த பிறகு மூன்று வருஷம் என்ன செய்யப் போகிறோம் என்று யோசித்தவர்களைக் காண்பது அரிது. அங்கேதான் தீசிஸ் என்கிற ஆய்வேடு வந்து நிற்கும்.

சேர்ந்த சில மாதத்திலேயே தலைப்பு கொடுக்க வேண்டும், ஆய்வு நெறிமுறைகளைப் பார்க்கும் எத்திக்ஸ் கமிட்டி முன்னால் போய் நிற்க வேண்டும். அந்த நேரத்தில்தான் முதல் வருஷப் பி.ஜி. ராத்திரி டியூட்டி, ரத்த சாம்பிள், டிஸ்சார்ஜ் சம்மரி என்று தூக்கமே இல்லாமல் சுற்றிக்கொண்டிருப்பார். தலைப்பு எங்கிருந்து வரும்? சீனியரின் பென் டிரைவிலிருந்துதான். ஊரும் வருஷமும் மட்டும் மாறும். எத்தனை நோயாளிகளைச் சேர்ப்பது என்பதும் அப்படித்தான். "சார், சாம்பிள் நூறு போட்டுக்கலாமா?" ஏன் நூறு என்று கேட்டால், "போன செட்ல நூறு போட்டாங்க சார்." அப்புறம் எல்லா நோயாளிகளின் விவரமும் இருக்கும் மாஸ்டர் சார்ட்டைக் காசு கொடுத்து யாரிடமோ தள்ளிவிடுவது, அவர் போட்டுத்தரும் பி வேல்யூ என்ற புள்ளியியல் எண்ணை அப்படியே ஒட்டுவது. ஏன் கை ஸ்கொயர் என்ற புள்ளியியல் சோதனையைப் போட்டீர்கள் என்று வாய்மொழித் தேர்வான வைவாவில் கேட்டால் முகம் வெளுத்துவிடும். இத்தனைக்கும் எழுத்துத் தேர்வுக்கு ஆறு மாதம் முன்பே தீசிஸைக் கொடுத்தாக வேண்டும், அது ஏற்கப்படாமல் பரீட்சை எழுத முடியாது.

இதற்கான பயிற்சிக்கு ஹவுஸ் சர்ஜன் வருஷத்தை விட்டால் வேறு நேரம் கிடையாது. புள்ளியியல் புத்தகத்தைத் திறக்கச் சொல்லவில்லை, ஒரு கேள்வி கேட்கப் பழகுங்கள் என்றுதான் சொல்கிறேன்.

ஒரு உதாரணம். ஏற்காட்டு காபி எஸ்டேட்டில் வேலை பார்க்கும் ஓர் அம்மா, ஒரு வாரமாகக் காய்ச்சல், தலைவலி. கீழே இறங்கி வருவதற்குள் இரண்டு இடத்தில் ஊசி போட்டாயிற்று, டைஃபாய்டு என்று வைடால் டெஸ்டும் எடுத்தாயிற்று. வார்டில் இருந்த ஹவுஸ் சர்ஜன் பெண் திரையை இழுத்துவிட்டு முழுசாகப் பார்த்தார். அக்குளுக்குள் சிகரெட்டால் சுட்ட மாதிரி கறுப்பாக ஒரு பொருக்கு, எஸ்கார். வலிக்காது, அதனால் அந்த அம்மாவுக்கே அது தெரியவில்லை. ஸ்க்ரப் டைஃபஸ். செடி புதரில் இருக்கும் ஒரு வகைச் சிற்றுண்ணியின் இளம் பூச்சி கடித்துப் பரவுவது. டாக்ஸிசைக்ளின் ஆரம்பித்தோம், இரண்டு நாளில் காய்ச்சல் விட்டது.

வழக்கமாக இந்த இடத்தில் ஒரு போட்டோ எடுத்து வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போடுவார்கள் (நோயாளியைக் கேட்காமல் அதைச் செய்யாதீர்கள், அது தனிக் கதை). இந்தப் பெண் வேறொன்று கேட்டார்: "சார், போன வருஷம் காய்ச்சலோட வந்தவங்கள்ல எத்தனை பேருக்கு எஸ்கார் இருக்கான்னு தேடியிருப்போம்?"

இதுதான் கேள்வி.

கடிதம் கொடுத்து அனுமதி வாங்கி, ரெக்கார்டு ரூமில் கயிறு போட்டுக் கட்டிய கேஸ் ஷீட்டுகளைப் பிரித்துப் பார்த்தோம். முக்கால்வாசி ஷீட்டில் அந்தச் சொல்லே இல்லை. இருக்கிறது என்றும் இல்லை, இல்லை என்றும் இல்லை. அதை எப்படிக் கணக்கில் எடுப்பது? எழுதவில்லை என்பதற்காக நோயாளிக்கு இல்லை என்று எண்ணினால் முடிவே பொய்யாகிவிடும். பழைய ஷீட்டை வைத்துச் செய்யும் ஆய்வின் பலவீனம் முழுவதும் அன்று ஒரு மத்தியானத்தில் அவருக்குப் புரிந்துவிட்டது, நான் வகுப்பு எடுத்திருந்தால் புரிந்திருக்காது. அப்புறம் யூனிட் சீஃப் ஒப்புதலோடு காய்ச்சல் கேஸ் ஷீட்டில் ஒரு வரி சேர்த்தோம்: அக்குள், தொடை இடுக்கு, மார்புக்குக் கீழே, பாவாடை நாடா கட்டும் இடம், பார்த்தாயிற்றா? சில மாதம் கழித்துத் திரும்ப எண்ண வேண்டும். மருத்துவத்தில் ஆடிட் என்பது இவ்வளவுதான்.

கட்டாயப் பயிற்சியில் சமூக மருத்துவத்துக்கு 12 வாரம் இருக்கிறது. மலைமேல் ஆரம்ப சுகாதார நிலையத்தில் போட்டால் கையெழுத்துப் போட்டுவிட்டு அஸ்தம்பட்டி ரீடிங் ஹாலுக்கு ஓடிவருகிறார்கள். எனக்கு இதில் கோபம்தான். இந்த மலையில் வாழும் பழங்குடிகளான மலையாளி மக்கள் எப்போது கீழே இறங்குகிறார்கள், எதற்காகத் தள்ளிப்போடுகிறார்கள் என்பதெல்லாம் அங்கே உட்கார்ந்தால்தான் தெரியும். சாம்பிள் சைஸ் எப்படிப் போடுவது என்று சொல்லித்தரக் கூடியவர்களும் அந்தத் துறைக்காரர்கள்தான், அவர்களைத்தான் யாரும் தேடிப்போவதில்லை. நாளைக்கு பி.ஜி.யில் மாவட்ட மருத்துவமனைப் பயிற்சி என்று மூன்று மாதம் எப்படியும் போகத்தான் வேண்டும்.

சென்னையில் உள்ள ஐ.சி.எம்.ஆர். தொற்றுநோயியல் நிறுவனம் ஆய்வு முறைகளை ஆன்லைனில் சொல்லித்தருகிறது. பி.ஜி.க்கு அந்த அடிப்படைப் படிப்பு கட்டாயம், அந்தப் பாடங்களை இப்போதே ஒருமுறை பார்த்து வைத்தால் நல்லது. மருந்தையோ சிகிச்சையையோ சோதிக்கும் ஆய்வாக இருந்தால் முதல் நோயாளியைச் சேர்ப்பதற்கு முன்பே சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் பதிவு வேண்டும், பிறகு செய்துகொள்ளலாம் என்பது நடக்காது. வெறும் கேஸ் ஷீட் பார்க்கும் ஆய்வுக்கும் எத்திக்ஸ் கமிட்டி தேவை. பெயரை நீக்கிய பதிவுகள் என்றால் நோயாளியின் ஒப்புதல் படிவத்தில் விலக்கு தரலாம், ஆனால் அதைத் தருவது அவர்கள், நாமாக எடுத்துக்கொள்வதல்ல.

இன்னொன்று, கொஞ்சம் ஏதாவது எழுத ஆரம்பித்ததுமே பணம் கட்டினால் மூன்று நாளில் வெளியிடுகிறோம் என்று ஏதோ ஜர்னலிலிருந்து மெயில் வரும். கட்டாதீர்கள். முதலில் காலேஜில் ஆய்வுக் கட்டுரைகளை விவாதிக்கும் ஜர்னல் கிளப்பில் பேசுங்கள், மாநில மாநாட்டுக்கு ஒரு போஸ்டர் அனுப்புங்கள். நிராகரித்தால் என்ன காரணம் என்று கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள், அடுத்த தடவைக்கு ஆகும்.