ஏபி என்பது எது? நேர்கோடு, நேர்கோட்டுத் துண்டம், கதிர்

"நேர்கோடு ஏபியைக் கீறுக" என்று கரும்பலகையில் எழுதினால், களுவாஞ்சிகுடி வகுப்பானாலும் கல்முனை வகுப்பானாலும் பிள்ளைகள் செய்வது ஒன்றுதான். அடிமட்டத்தை வைத்து இரண்டு புள்ளி போடுவார்கள். இரண்டையும் தொடுத்து ஒரு கோடு கீறி, முனைகளில் ஏ, பி என்று எழுதிவிட்டு கொப்பியை நீட்டுவார்கள். கீறப்பட்டது இரண்டு பக்கமும் முடிவில்லாமல் போகும் நேர்கோடு அல்ல, இரண்டு முனையுள்ள நேர்கோட்டுத் துண்டம். சின்ன வகுப்பில் இதைப் பெரிதாக யாரும் எடுப்பதில்லை. அப்புறம் மேல் வகுப்பில் நிறுவல் எழுத வரும்போதுதான் இடறும். ஆகவே இந்தச் சொற்களை ஒருமுறை ஆறுதலாகப் பார்த்துவிடுவது நல்லது.

முதலில் 'கோடு'. இந்தச் சொல்லுக்குத் தமிழில் பழைய பொருள் வளைவு. 'கோடுதல்' என்றால் வளைதல், ஒரு பக்கம் சாய்தல். "சமன்செய்து சீர்தூக்கும் கோல்போல் அமைந்தொருபால் கோடாமை சான்றோர்க் கணி" என்ற குறளில் வரும் கோடாமை, ஒரு பக்கம் சாயாமை. யானைத் தந்தத்துக்குக் கோடு என்று பெயர். விலங்கின் கொம்பு, மரக்கிளை, மலையுச்சி, குளக்கரை எல்லாவற்றுக்கும் இந்தப் பெயர் உண்டு. கீறிய வரி என்ற பொருளும் இதே சொல்லுக்கு உண்டு. அதனால் 'நேர்கோடு' என்பதில் 'நேர்' வெறும் அலங்காரம் இல்லை. கோடு வளைந்தும் இருக்கலாம், அதை நேராக்குவது அந்த முன்சொல்தான். கேத்திரகணிதத்தில் வெறுமனே 'கோடு' என்று எழுதி நேர்கோட்டைக் கருதுவது சுருக்க வழக்கு, அவ்வளவுதான்.

ஆங்கிலத்தின் 'லைன்' வேறு வழியில் வந்தது. லத்தீனில் 'லினும்' என்றால் ஆளிச் செடி. அதன் நாரில் திரித்த நூல் 'லினியா'. இழுத்துப் பிடித்த நூலில் இருந்து கோடு பிறந்திருக்கிறது. வடமொழியில் இருந்து வந்த 'ரேகை' நம்மிடம் கைரேகையில் நன்றாக ஒட்டிக்கொண்டது. பேச்சில் 'லைன்' கரண்ட் கம்பிக்கும் போகிறது, கடையில் நிற்கும் வரிசைக்கும் போகிறது. இத்தனை வேலை பார்க்கும் ஒரு சொல்லைக் கணிதக் கொப்பிக்குள் கொண்டுவரத் தேவையில்லை. 'நேர்கோடு' தெளிவான சொல்.

கி.மு. 300 அளவில் யூக்கிளிட் தொகுத்த 'மூலகங்கள்' நூலில் புள்ளி என்பது பகுதி இல்லாதது, கோடு என்பது அகலமில்லாத நீளம். புள்ளிக்கு அவர் எடுத்த கிரேக்கச் சொல்லின் பொருள் 'அடையாளம்'. தமிழில் மெய்யெழுத்தின் தலையில் இடுவதைத் தொல்காப்பியமும் புள்ளி என்றே சொல்கிறது. இலங்கையில் பரீட்சையில் எடுப்பதும் புள்ளிதான்! யூக்கிளிட்டின் 'நேர்கோடு' பெரும்பாலும் முனை உள்ளது. தேவையானபோது அதை நீட்டலாம் என்று இரண்டாவது எடுகோளில் தனியாகவே சொல்லிவைத்தார். இன்றைய பாடத்தில் நேர்கோடு இரண்டு பக்கமும் முடிவில்லாமல் போவது. அவர் நேர்கோடு என்றதில் பெரும்பகுதியை நாம் இப்போது துண்டம் என்கிறோம்.

சரி, பெயரிட ஏன் இரண்டு புள்ளி? ஒரு புள்ளியினூடாக எத்தனை நேர்கோடும் போகலாம். ஏ என்று மட்டும் சொன்னால் எந்தக் கோடு என்று பிடிபடாது. இரண்டாவது புள்ளியைச் சொன்னதும் மற்றவை எல்லாம் விலகி ஒன்றே ஒன்று நிற்கும். பெயர் கோட்டின் மேல் ஒட்டிய சீட்டு அல்ல, அந்தக் கோட்டை நிர்ணயிக்கும் தகவலே அதன் பெயர். அதனால்தான் எழுத்துகளை மாற்றி பிஏ என்றாலும் நேர்கோடு மாறாது. மட்டக்களப்பில் நிற்பவருக்கு அது கல்முனை வீதி, கல்முனையில் நிற்பவருக்கு மட்டக்களப்பு வீதி, வீதி ஒன்றுதான். ஆனால் பஸ்ஸில் ஏறும்போது எங்கிருந்து எங்கே என்பது முக்கியம். ஒரு புள்ளியில் தொடங்கி ஒரு பக்கம் மட்டும் முடிவில்லாமல் போகும் கதிரும் அப்படித்தான்.

ஒரு நேர்கோட்டில் ஏ, பி, சி என்று மூன்று புள்ளிகளை இதே ஒழுங்கில் குறித்துப் பாருங்கள். ஏபி, பிஏ, பிசி, சிபி, ஏசி, சிஏ என்று ஆறு பெயர் கிடைக்கும். நேர்கோடாக எடுத்தால் ஆறும் ஒரே கோட்டின் பெயர். துண்டமாக எடுத்தால் ஏபி, பிசி, ஏசி என்று மூன்று வேறு துண்டங்கள். ஒவ்வொன்றுக்கும் இரண்டு பெயர். கதிராக எடுத்தால் நான்கு. ஏயில் தொடங்கி பியை நோக்கிப் போவதும் சியை நோக்கிப் போவதும் ஒரே கதிர். சியில் இருந்து திரும்பி வருவதும் அப்படியே. நடுவில் நிற்கும் பியில் இருந்து மட்டும் எதிரெதிராக இரண்டு கதிர் புறப்படும். கதிரின் பெயரில் முதலில் எழுதுவது தொடக்கப் புள்ளி, அதை மாற்றக் கூடாது. எழுத்துகளின் மேல் இருபுற அம்புக்குறி போட்டால் நேர்கோடு, ஒருபுற அம்புக்குறி என்றால் கதிர், வெறும் கோடு என்றால் துண்டம். ஆறு பெயரையும் இந்த மூன்று விதமாகவும் பிள்ளையே எழுதிப் பார்த்தால் வரைவிலக்கணத்தைப் பாடமாக்க வேண்டி வராது.

'கதிர்' வயற்காட்டுப் பிள்ளைகளுக்குப் பழகிய சொல். நெற்கதிரும் கதிர், சூரியக் கதிரும் கதிர். கணிதத்துக்குப் பொருந்துவது சூரியனுடையது: ஓரிடத்தில் புறப்பட்டு ஒரே திசையில் போவது. ஆங்கிலத்தின் 'ரே', 'ரேடியஸ்' இரண்டுக்கும் வேர் ஒன்றே. சக்கரத்தின் ஆரக்காலைக் குறித்த லத்தீன் சொல் அது. தமிழ் இரண்டையும் பிரித்து ஒன்றைக் கதிர் என்றும் மற்றதை ஆரை என்றும் வைத்திருக்கிறது. எனக்கு இது மிகவும் பிடித்த பிரிப்பு.

தமிழ்நாட்டுப் பாடநூலில் நேர்கோட்டுத் துண்டத்தைக் கோட்டுத்துண்டு என்பார்கள். நமது முக்கோணி அங்கே முக்கோணம், சமாந்தரக் கோடுகள் இணைகோடுகள், ஆரை ஆரம். இணையத்தில் படிக்கும் பிள்ளைகள் குழம்புவது இங்கேதான். இரண்டும் நல்ல தமிழ்; பரீட்சைத் தாளில் மட்டும் இங்கே படித்ததை எழுதினால் போதும். அறிவியலைத் தமிழில் சொல்ல முடியும் என்று கலைச்சொல் ஆக்கத்தில் முன்னின்று உழைத்தவர்களில் ஒருவர் காரைதீவில் 1892இல் பிறந்த சுவாமி விபுலானந்தர். அவர் ஊர்ப் பக்கத்தில் இருந்துகொண்டு 'லைன் செக்மன்ற்' என்று கற்பிப்பது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை.

இனி அந்த நிறுவல் விசயம். "முக்கோணி ஏபிசியில் பக்கம் பிசி, டி வரை நீட்டப்பட்டுள்ளது" என்று புறக்கோணக் கணக்கு தொடங்கும். நீட்டலாம், ஏனென்றால் பக்கம் ஒரு துண்டம். நேர்கோட்டை நீட்ட வழியில்லை, அது ஏற்கெனவே முடிவில்லாமல் போகிறது. "5 சென்ரிமீற்றர் நேர்கோடு" என்பதும் அப்படியே தவறு. நீளம் துண்டத்துக்குத்தான் உண்டு. நீட்டிய பிறகு புறக்கோணம் ஏசிடி. நடுவில் நிற்கும் சிதான் உச்சி, அங்கிருந்து புறப்படும் சிஏ, சிடி என்ற இரண்டு கதிர்களும் கோணத்தின் புயங்கள்.